சந்தேகத்தின் பேரில் படகைத் தகர்க்கலாமா? கரீபியன் தாக்குதல்களின் சட்டமும் நியாயமும்

நுண்நோக்கி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2025 செப்டம்பர் 2ஆம் நாள் கரீபியன் கடலில் ஒரு விரைவுப் படகை அமெரிக்கப் படை தகர்த்து 11 பேரைக் கொன்றது. அவர்கள் வெனிசுவேலாவின் டிரென் தெ அராகுவா கும்பலைச் சேர்ந்த போதைப்பொருள் கடத்தல்காரர்கள் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். தாக்குதலின் காணொளியும் வெளியானது. அதன் பின் கரீபியனிலும் கிழக்குப் பசிபிக்கிலும் இத்தகைய தாக்குதல்கள் தொடர்ந்தன, அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தோர் எண்ணிக்கை 100ஐத் தாண்டியது. சில நொடிக் காணொளிகளைத் தவிர, அந்தப் படகுகளில் என்ன ஏற்றப்பட்டிருந்தது, யார் யார் இருந்தார்கள் என்பதற்கான சான்று பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை.

இது பற்றிய விவாதங்களில் சட்டமும் நியாயமும் ஒன்றோடொன்று குழம்பிப் போவதைப் பார்க்கிறேன். ஆகவே என் ஐயத்தை இப்படிக் கேட்கிறேன். ஒரு பேச்சுக்கு, அந்தப் படகுகள் அனைத்திலும் கோகெய்ன் இருந்தது என்றும், அவற்றில் இருந்த ஒவ்வொருவரும் தெரிந்தே அதைக் கடத்தியவர் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தத் தாக்குதல்கள் சட்டவிரோதமானவையா? சட்டவிரோதமானவை என்றால், அது வெறும் நடைமுறைக் குறைபாடா, அல்லது அறத்தின் பார்வையிலும் தவறா? உணர்ச்சியைத் தள்ளி வைத்து, தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கடல்நெறி:

வணக்கம் நுண்நோக்கி அவர்களே. குற்றம் உண்மை என்று வைத்துக்கொண்டு கேட்டது நல்ல முறை. ஏனென்றால் கடல் சட்டத்தில் இதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதில் சம்பந்தப்பட்ட நாடும் அமெரிக்காவேதான்.

மதுவிலக்குக் காலத்தில், 1929 மார்ச் மாதம், 'ஐம் அலோன்' என்ற கனடியக் கொடி தாங்கிய கப்பலை அமெரிக்கக் கடலோரக் காவல் படை மெக்சிகோ வளைகுடாவில் இரண்டு நாள் துரத்திச் சென்று, நிற்க மறுத்ததால் சுட்டு மூழ்கடித்தது. ஒருவர் இறந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். அந்தக் கப்பல் மது கடத்தியது உண்மை. கனடியக் கொடி தாங்கியிருந்தாலும் அதன் உண்மையான உரிமையாளர்கள் அமெரிக்கர்களே என்பதும் பின்னர் வெளிப்பட்டது. இரு நாடுகளும் அமைத்த கூட்டு ஆணையம் 1935இல் தன் முடிவைச் சொன்னது: கப்பலை நிறுத்தவும் சோதனையிடவும் தேவையான, நியாயமான பலத்தைப் பயன்படுத்தலாம், அந்த முயற்சியில் கப்பல் தற்செயலாக மூழ்கினால் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது, ஆனால் சந்தேகத்துக்குரிய கப்பலை வேண்டுமென்றே மூழ்கடிப்பது எந்தச் சட்டத்தாலும் நியாயப்படுத்த முடியாதது. கப்பலுக்கும் சரக்குக்கும் இழப்பீடு இல்லை என்று மறுத்த அதே ஆணையம், அமெரிக்கா மன்னிப்புக் கேட்டு கனடாவுக்கு 25,000 டாலர் செலுத்த வேண்டும் என்றும், மாலுமிகளுக்குத் தனியாகத் தொகை வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கடத்தல் நிரூபணமான பிறகும் மூழ்கடித்தது தவறுதான் என்று தீர்ப்பாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பிற்காலச் சட்டமும் இதே திசையில்தான் சென்றது. 1999இல் 'சைகா' கப்பல் வழக்கில், ஹாம்பர்க்கில் உள்ள பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயம், பலப்பிரயோகத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாதபோதும் அது சூழலுக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று உறுதிப்படுத்தியது. போதைப்பொருளைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு, பிற நாட்டுக் கொடியுள்ள கப்பலில் ஏறிச் சோதிக்க அந்த நாட்டின் இசைவைப் பெறும் முறையை வகுத்திருக்கிறது. எந்தக் கொடியும் இல்லாத படகானால் இன்னும் எளிது. அமெரிக்காவின் சொந்தச் சட்டமே அதில் இருப்போரைப் பிடித்து அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்த இடம் தருகிறது. இதை ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஹெலிகாப்டரில் இருந்து முதலில் எச்சரிக்கைச் சூடு, பிறகு குறிபார்த்து எஞ்சினைச் சுட்டுப் படகை நிறுத்துதல், பிறகு கைது, பிறகு புளோரிடா நீதிமன்றம் என்ற வரிசையை அமெரிக்கக் கடலோரக் காவல் படை பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான முறை நடத்திக் காட்டியிருக்கிறது.

இத்தனையையும் தாண்டிச் செல்ல வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: இது குற்றத் தடுப்பு அல்ல, போர் என்று சொல்வது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய அறிவிப்பு அதைத்தான் செய்தது. கடத்தல் கும்பல்களுடன் அமெரிக்கா ஆயுத மோதலில் இருப்பதாக அது அறிவித்தது. ஆனால் ஒரு நாட்டுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையே மோதல் நிலவுகிறதா என்பதை அறிவிப்பு முடிவு செய்வதில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 1995இல் தாதிச் வழக்கில் வகுத்த அளவுகோல், நீடித்த ஆயுத வன்முறை, அதை நடத்தும் அளவுக்கு ஒழுங்கமைந்த குழு ஆகிய இரண்டையும் கேட்கிறது. அமெரிக்கப் படையை எதிர்த்து இந்தப் படகுகள் ஒரு குண்டு கூடச் சுட்டதாக யாரும் சொல்லவில்லை. போர் இல்லையென்றால் இவை சட்டத்துக்குப் புறம்பான கொலைகள், ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஃபோல்கர் டூர்க் 2025 அக்டோபர் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் இதுவே.

எதிர்க்கரை:

கடல்நெறி அவர்கள் சட்டத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் மறுபக்கத்தின் வாதத்தை அதன் முழு வலிமையோடு யாராவது வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் போதைப்பொருளை அளவுக்கு மீறி உட்கொண்டதால் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,05,000 பேர் இறந்தனர். எந்த அண்டை நாடாவது ஆயுதம் ஏந்திப் படையெடுத்து வந்து ஓராண்டில் இவ்வளவு பேரைக் கொன்றிருந்தால், சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொண்டு அரசு உட்கார்ந்திருக்காது. கடத்தலின் பொருளாதாரத்தையும் பாருங்கள். படகில் செல்பவர் பிடிபட்டுச் சிறை செல்வது கும்பலின் கணக்கில் முன்கூட்டியே எழுதப்பட்ட செலவு. பிடிபட்ட சரக்கும் அப்படியே. ஒருவர் சிறை சென்றால் அவர் இடத்துக்கு வர இன்னொருவர் காத்திருக்கிறார். இடைமறித்துப் பிடிப்பது இத்தனை ஆண்டுகளாகப் பலன் தரவில்லை, படகுகளைத் தகர்த்தால்தான் நிறுத்துவார்கள் என்று வெளியுறவுச் செயலர் ரூபியோ சொன்னதன் பொருளும் இதுதான். சிறைக்கு அஞ்சாதவர் சாவுக்கு அஞ்சக் கூடும்.

மேலும், அல் கொய்தாவினர் என்று கருதப்பட்டவர்கள் மீது ஏமனிலும் பாகிஸ்தானிலும் ட்ரோன் தாக்குதல்கள் நடந்தபோது, உளவுத் தகவலின் பேரில் மட்டும், விசாரணையின்றி, போர்க்களத்துக்கு வெளியே மனிதர்களைக் கொல்லலாம் என்ற கோட்பாட்டை இரு கட்சி அரசுகளும் ஏற்றன. 2011இல் அன்வர் அல் அவ்லாக்கி என்ற அமெரிக்கக் குடிமகனே அவ்வாறு கொல்லப்பட்டார். அன்று வாய் திறக்காதவர்கள் இன்று பொங்கி எழுவதில் கொள்கை எவ்வளவு, கட்சிப் பகை எவ்வளவு என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. சட்டம் ஒரு கருவி; அது காக்க வேண்டிய மக்களைக் காக்கத் தவறும்போது அதை வளைப்பது அறத்துக்கு எதிரானது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

வழக்குரை:

எதிர்க்கரை அவர்களின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. ட்ரோன் தாக்குதல்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இதுவும் நுழைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாக்குதல்களுக்கு, எவ்வளவு இழுத்து நீட்டப்பட்டதாக இருந்தாலும், 2001இல் காங்கிரஸ் வாக்களித்துத் தந்த ஓர் அதிகாரம் இருந்தது, உண்மையில் நடந்த ஓர் ஆயுதத் தாக்குதல் இருந்தது. கடத்தல் கும்பல்களுக்கு எதிராக அப்படி ஒரு வாக்கெடுப்பு நிறைவேறவே இல்லை. 2025 பிப்ரவரியில் எட்டுக் கும்பல்களைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது உண்மை. அந்தப் பட்டியல் சொத்தை முடக்கவும் உதவி செய்வோரைத் தண்டிக்கவும் வழி செய்கிறது, உயிரை எடுக்க அதில் ஒரு வரியும் இல்லை.

இறப்பு எண்ணிக்கைக்கு வருவோம். 1,05,000 என்ற எண் உண்மைதான், ஆனால் அந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகளோடு (அபினி போலச் செயல்படும் வேதிப்பொருள்களோடு) தொடர்புடையவை. ஃபென்டனில் பெரும்பாலும் மெக்சிகோவில் தயாராகி, தரைவழி எல்லைச் சாவடிகள் ஊடாக, வாகனங்களில் மறைத்து வைக்கப்பட்டு அமெரிக்காவுக்குள் நுழைகிறது. கரீபியன் படகுகளில் செல்வது, செல்லுமானால், கோகெய்ன். அதிலும் கணிசமான பகுதி ஐரோப்பாவுக்கானது. கோகெய்னும் உயிரைக் குடிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தகர்க்கப்படும் ஒவ்வொரு படகும் 25,000 உயிர்களைக் காக்கிறது என்று அதிபர் சொன்னதை நம்பினால், ஐந்தாவது படகிலேயே அமெரிக்காவில் ஓராண்டு இறப்புகள் அனைத்தும் தடுக்கப்பட்டிருக்க வேண்டும்! இடைமறிப்புப் பலன் தரவில்லை என்பதும் அரைகுறை வாதம். முதல் தாக்குதலுக்கு ஒரு வாரம் முன்புதான் கடலோரக் காவல் படையின் ஹாமில்டன் கப்பல் 34 டன்னுக்கும் அதிகமான போதைப்பொருளைப் புளோரிடாத் துறைமுகத்தில் இறக்கியது. தங்கள் வரலாற்றிலேயே மிகப் பெரிய அளவு என்று அந்தப் படையே பெருமைப்பட்டது.

'அண்டை நாடு படையெடுத்தால்' என்ற ஒப்புமையும் நிற்காது. போதைப்பொருள் வாங்குபவர் விரும்பி வாங்குகிறார். அந்த விருப்பம் நோயாகவே இருந்தாலும், விற்பவருக்கும் சாவுக்கும் நடுவே பல கைகளும் பல முடிவுகளும் இருக்கின்றன. அந்தச் சங்கிலியின் தொலைவான முனையில் கூலிக்குப் படகோட்டும் ஒருவரை, குண்டு வீச வரும் விமானியோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டமே இதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. 1985இல் டென்னசி எதிர் கார்னர் வழக்கில், தப்பியோடும் சந்தேக நபரால் உயிராபத்து உண்டு என்று நம்பத் தகுந்த காரணம் இல்லாமல் காவலர் அவரைச் சுட்டுக் கொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மயாமி தெருவில் கோகெய்ன் பொட்டலத்தோடு ஓடுபவனைப் பின்னாலிருந்து சுட முடியாது. பிடிபட்டு, வழக்கு நடந்து, குற்றம் உறுதியானாலும் படகோட்டிக்குக் கிடைப்பது நீண்ட சிறைவாசமே தவிர மரணம் அல்ல. தீர்ப்புக்குப் பின் தர முடியாத தண்டனையை, தீர்ப்பே இல்லாமல் கடலில் தருவதை எந்த அறம் ஏற்கும்?

நுண்நோக்கி அவர்களே, குற்றம் உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். வாதத்துக்காக ஒப்புக்கொண்டேன், ஆனால் நடைமுறையில் அந்த இடத்தில்தான் எல்லாம் உடைகிறது. 1990களில் பெருவின் விமானப் படை, அமெரிக்க உளவுத் தகவலைக் கொண்டு, கடத்தல் விமானங்கள் என்று கருதியவற்றைச் சுட்டு வீழ்த்தியது. பொது (இராணுவம் சாராத) விமானங்களைச் சுடுவதற்கு உதவும் அமெரிக்க அதிகாரிகள் குற்றவாளிகளாகக் கூடும் என்று 1994இல் அமெரிக்க நீதித்துறையின் சட்ட ஆலோசகர்களே எச்சரித்ததால், அப்பாவிகள் சாகாமல் இருக்க உரிய நடைமுறைகள் வேண்டும் என்ற நிபந்தனையோடு காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி விலக்கு அளித்தது. அதாவது, இதெல்லாம் சட்டவிரோதம் என்பதை அன்று அரசே ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு 2001 ஏப்ரல் 20 அன்று, கிறித்தவ ஊழியக் குடும்பம் ஒன்று சென்ற சிறு விமானத்தை அதே முறையில் சுட்டார்கள். தாயும் கைக்குழந்தையும் இறந்தனர். கண்காணிப்பு விமானத்தில் இருந்த அமெரிக்கர்கள், இது கடத்தல் விமானம்தானா என்று ஐயப்பட்டுப் பேசியது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்த ஐயம் உரிய நேரத்தில் சுடுபவரின் காதை எட்டவில்லை. நடைமுறைகள் எழுத்தில் இருந்தன. பல ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காததால் அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து போயிருந்தன.

அங்கே இறந்தவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் உண்மை வெளிவந்தது, திட்டமும் நிறுத்தப்பட்டது. பெயர் தெரியாத படகோட்டி நடுக்கடலில் இறந்தால் அவருக்காக எந்த ஒலிப்பதிவு வெளிவரப் போகிறது? 2025 அக்டோபரில் ஒரு நீர்மூழ்கி வகைக் கலத்தைத் தாக்கியபோது இருவர் உயிர் தப்பினர். விசாரணையின்றிக் கொல்லத் தகுந்த அளவுக்கு ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்ட அந்த இருவரையும் அமெரிக்கா நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை, போர்க் கைதிகளாக வைத்துக்கொள்ளவும் இல்லை. கொலம்பியாவுக்கும் எக்வடோருக்கும் திருப்பி அனுப்பியது. எக்வடோர் தன் குடிமகனைச் சான்று இல்லை என்று விடுவித்துவிட்டது. எதிர்க்கரை அவர்கள் இந்த ஒரு நிகழ்வை மட்டும் விளக்கினால் போதும்.

எதிர்க்கரை:

அதை விளக்க முடியவில்லை. நிறுத்தி வழக்கு நடத்தியிருந்தால் உளவு வழிகளை நீதிமன்றத்தில் வெளிப்படுத்த வேண்டியிருக்கும் என்று அரசுத் தரப்பு சொல்லக் கூடும். ஆனால் பல ஆண்டுகளாக அதே புளோரிடா நீதிமன்றங்களில் அந்தச் சிக்கலைச் சமாளித்தே வந்திருக்கிறார்கள். இருப்பினும் என் முதல் கேள்வியை விடவில்லை. சிறையால் தடுக்க முடியாத வணிகத்தை எதைக் கொண்டு தடுப்பது என்பதற்கு இங்கே யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. 2024இல் இறப்புகள் 80,000 அளவுக்குக் குறைந்தன, அது படகைத் தகர்த்ததால் அல்ல என்பதையும் அறிவேன். ஆனால் அந்த எண்ணும் எந்த அரசும் பொறுத்துக்கொள்ளக் கூடிய எண் அல்ல.

நங்கூரம்:

கடற்படைச் சட்டத்தை ஓரளவு படித்தவன் என்ற முறையில், இதுவரை பேசப்படாத ஒன்றைச் சேர்க்கிறேன். செப்டம்பர் 2ஆம் நாள் தாக்குதலில் முதல் குண்டுக்குப் பின் இருவர் உடைந்த படகைப் பற்றிக்கொண்டு உயிரோடு இருந்தனர் என்றும், பின்னொரு தாக்குதலில் அவர்களும் கொல்லப்பட்டனர் என்றும் நவம்பர் இறுதியில் செய்தி வெளிவந்தது. அந்த இரண்டாம் தாக்குதலுக்கு ஆணையிட்டவர் சிறப்பு நடவடிக்கைப் படைத் தளபதி அட்மிரல் பிராட்லி என்று வெள்ளை மாளிகை உறுதிப்படுத்தி, அவர் தம் அதிகார வரம்புக்குள்தான் செயல்பட்டார் என்றும் சொன்னது.

இதைப் போர் என்றே ஏற்றுக்கொண்டாலும் இந்த இடத்தில் தப்பிக்க வழியில்லை. கப்பல் உடைந்து நீரில் தத்தளிப்பவரைத் தாக்கக் கூடாது என்பது போர்ச்சட்டத்தின் மிகப் பழைய விதிகளில் ஒன்று. 1918இல் லாண்டவரி காசில் என்ற மருத்துவக் கப்பலை மூழ்கடித்து, உயிர்காப்புப் படகுகளில் இருந்தோரையும் சுட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் அதிகாரிகள் இருவரை, 1921இல் ஜெர்மனியின் சொந்த நீதிமன்றமே லைப்சிக்கில் குற்றவாளிகள் என்றது. மேலதிகாரியின் ஆணை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெலூஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்த பின் மிதவைகளைச் சுட்ட ஜெர்மன் கப்பல் தலைவர் ஹைன்ஸ் வில்ஹெல்ம் எக், மிதக்கும் தடயங்களை அழிக்கவே சுட்டேன் என்றார். பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அதைப் புறந்தள்ளியது; 1945 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கப்பல் உடைந்தவர்களைச் சுடச் சொல்வதைத்தான், வெளிப்படையாகச் சட்டவிரோதமான ஆணைக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போர்ச்சட்டக் கையேடே தருகிறது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. அந்த இரண்டாம் குண்டைப் பற்றியே எல்லோரும் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது மட்டுமே குற்றம் என்றால், முதல் குண்டு முறையானது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இருவர் கொல்லப்பட்டதற்கு விசாரணை, ஒன்பது பேர் கொல்லப்பட்டதற்கு மௌனம் என்ற நிலைக்குத்தான் அது கொண்டு செல்லும். கடல்நெறி அவர்கள் காட்டிய வழியே சென்றால் இங்கே போரும் இல்லை, போர்ச்சட்டமும் பொருந்தாது. அப்போது முதல் குண்டுக்கும் இரண்டாம் குண்டுக்கும் சட்டத்தின் முன் வேறுபாடே இல்லை.

நுண்நோக்கி:

அனைவருக்கும் நன்றி. ஐம் அலோன் வழக்கும் திருப்பி அனுப்பப்பட்ட இருவரும் என் கேள்விக்குப் போதுமான பதிலாக அமைந்துவிட்டன. குற்றம் நிரூபணமானாலும் சட்டம் இதை ஏற்காது, நிரூபணம் என்ற கட்டமே இங்கு வரவில்லை என்று புரிந்துகொள்கிறேன். ஒரு துணைக் கேள்வி: கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் எங்காவது முறையிட வழி இருக்கிறதா?

கடல்நெறி:

வழி குறுகலானது. அமெரிக்க நீதிமன்றங்களில் அரசின் விலக்குரிமை, பாதுகாப்பு இரகசியம் என்ற இரண்டு சுவர்கள் எழும். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா உறுப்பினர் அல்ல. இறந்த கொலம்பியர் ஒருவரின் குடும்பம், அவர் மீனவர் என்று சொல்லி, 2025 டிசம்பரில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையத்தில் மனு அளித்திருக்கிறது. அந்த ஆணையத்தின் முடிவுகளைக் கட்டாயமாக நிறைவேற்ற வைக்க வழியில்லை, ஆனால் அங்கே அவர்களுக்குச் சாதகமான ஒரு முன்தீர்ப்பு இருக்கிறது.

1996 பிப்ரவரி 24 அன்று, மயாமியிலிருந்து புறப்பட்ட இரண்டு சிறு விமானங்களைக் கியூப விமானப் படை சுட்டு வீழ்த்தி நால்வரைக் கொன்றது. அவை தங்கள் வான்வெளியை மீறின, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது கியூபாவின் வாதம். 1999இல் அந்த ஆணையம், பன்னாட்டு வான்வெளியில் நடந்திருந்தாலும் கொல்லும் அரசுக்கே பொறுப்பு என்றும், எச்சரிக்காமல், வேறு வழிகளை முயலாமல் ஆயுதமற்ற பொது விமானங்களைச் சுட்டது உயிர்வாழும் உரிமையின் மீறல் என்றும் முடிவு செய்தது. அதற்கு முன்பே, 1997இல், அந்த நால்வரில் மூவரின் குடும்பங்களுக்குக் கியூபா ஏறத்தாழ 187 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று மயாமியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கொலம்பியக் குடும்பத்தின் வழக்கறிஞர்களுக்கு அந்த இரண்டு தீர்ப்புகளும் பயன்படும். அவற்றில் பேசப்படும் விமானத்தின் இடத்தில் படகை வைத்து வாசித்தால் பெரும்பாலான பத்திகளை மாற்றாமலே எடுத்தாளலாம்.